இருபத்திரண்டு குழிகளும் ஒரு செங்கலும்

"எதை மறைக்க வேண்டும் என்று மனிதன் அறிந்துகொண்ட நாளில்தான் நாகரிகம் பிறந்தது."

நகராட்சியின் பதினான்காம் விதி இப்படித்தான் தொடங்குகிறது. எழுதியவர் திட்ட அதிகாரி. எழுதி முடித்ததும் பேனாவை மூடி வைத்துவிட்டு ஐந்து நிமிடம் ஜன்னல் வழியாக வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தாராம். அலுவலகத்தில் இன்றைக்கும் வழங்கும் செவிவழிச் செய்தி இது. இரண்டாவது வரியிலேயே விதி தரைக்கு இறங்கிவிடும். வீடுகளை ஒட்டிப் பட்டறையோ, கிடங்கோ, பழைய வண்டிகள் நிறுத்தும் இடமோ இருந்தால் அதன் எல்லையில் செடி வரிசை வைத்து மறைக்க வேண்டும். மூன்றடிக்கு ஒரு செடி. ஒவ்வொன்றும் ஆறடிக்குக் குறையக் கூடாது. இலை உதிரக் கூடாது. "இதிலிருந்து எவருக்கும் விலக்கு இல்லை" என்று முடியும்.

அன்று காலை அந்த நாகரிகத்தில் அறுபத்து மூன்று அடி காணாமல் போயிருந்தது.

காலை 9.05.

டேப்பு மேடம் அலுவலகத்துக்குள் நுழைந்தாள். பதினொரு வருடமாகக் கள மேற்பார்வையாளர். இடுப்பில் அளவு டேப் இல்லாமல் அவளை யாரும் பார்த்ததில்லை. அவள் பெயரைக் கேட்டால் யாருக்கும் தெரியாது. வழக்கமாக வாசலிலிருந்து மாடிப்படியை அடைவதற்குள் நகராட்சியை ஒரு தடவை திட்டிவிடுவாள். அன்று திட்டவில்லை. நேற்று நன்றாகத் தூங்கினோம், அதுதான் மனசு லேசாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு படியேறினாள்.

மேலே ஒரே பரபரப்பு. பதினோரு மணிக்கு ஆணையர் வருகிறார். திட்ட அதிகாரி மடிப்புக் கலையாத புதுச் சட்டையில், உட்கார்ந்தால் கசங்கிவிடும் என்று நின்றுகொண்டே இருந்தார். பியூன் ஆறு காகிதங்களை அவள் மேஜையில் பரப்பினார்.

"மேடம், சீக்கிரம். ஆணையர் வர்றதுக்குள்ள ஃபைல்ல சேரணுமாம். சார் சொன்னாரு."

அதே நேரம் போன் அடித்தது. காதில் போனை இடுக்கிக்கொண்டு ஆறிலும் கையெழுத்துப் போட்டாள். மறுமுனையில் பீரோக்காரம்மா. தகரத்தில் பீரோ செய்யும் பட்டறை அவளுடையது. தகரம் தட்டும் சத்தத்தை மீறிப் பேசிப் பழகியதால் போனே தேவையில்லாத குரல்.

"மேடம், செடி போச்சு!"

"காஞ்சு போச்சா?"

"காஞ்சா குச்சியாவது இருக்குமே! காணாமப் போச்சு மேடம். இருபத்திரண்டும். ஒரு இலை கூட இல்ல."

டேப்பு மேடம் எழுந்தாள். இன்று என்ன நாள் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். பட்டறையின் தொண்ணூறு நாள் தற்காலிக அனுமதி இன்றோடு முடிகிறது. மாலை நாலு மணிக்கு இறுதி ஆய்வு. செடி வரிசை இருந்தால் நிரந்தர அனுமதி. இல்லையென்றால் கதவுக்கு சீல். சீல் வைக்க வேண்டியவளும் அவள்தான். உள்ளே பதினாலு பேர் வேலை செய்கிறார்கள்.

காலை 9.40.

பட்டறைக்குப் பின்னால் எல்லையோரம் பத்தடி அகல மண் துண்டு. அதில் ஒரே வரிசையாக இருபத்திரண்டு குழிகள். பல் பிடுங்கிய ஈறு மாதிரி இருந்தது.

"பூட்டு உடையல. கேட்டு நெளியல," என்றாள் பீரோக்காரம்மா. "ஆறேகாலுக்கு வந்து பாக்குறேன், இந்தக் கோலம். எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல."

"சாவி யாருகிட்ட இருக்கு?"

"எங்கிட்ட ஒண்ணு. என் கொழுந்தன்கிட்ட ஒண்ணு. வேற யாருகிட்டயும் இல்ல."

டேப்பு மேடம் முதல் குழி அருகே குந்தினாள். குழி வட்டமாக இருந்தது. சுவர் வழவழப்பு. அடியில் ஈர மண் எதுவும் இல்லை. தொட்டால் மாவாக உதிர்ந்தது. தட்டையான அடிமண்ணில் ஐந்து சின்ன மேடுகள், நடுவில் ஒன்று, சுற்றி நாலு. அடுத்த குழியைப் பார்த்தாள். அதே அகலம், அதே ஐந்து மேடுகள். டேப்பை இழுத்து அளந்தாள். இருபத்திரண்டு குழியும் ஒரே அளவு. மூன்றாவதில் மட்டும் ஒரு வித்தியாசம். அடியில் ஒரு செங்கல் படுத்திருந்தது.

நோட்டைப் புரட்டினாள். போன திங்கட்கிழமை முன் ஆய்வில் மூன்றாவது செடி ஐந்தடி பத்து அங்குலம். "இரண்டு அங்குலம் குறைவு" என்று எழுதியிருந்தாள். வியாழக்கிழமை திரும்ப அளந்தபோது சரியாக ஆறடி. பக்கத்திலேயே அவள் கையெழுத்தில் ஒரு குறிப்பு இருந்தது: "நல்ல வளர்ச்சி. பாராட்டத்தக்கது."

நோட்டை மெதுவாக மூடினாள்.

"என்ன மேடம் எழுதியிருக்கு?"

"ஒண்ணுமில்ல. உங்க கொழுந்தனைக் கூப்பிடுங்க."

காலை 10.00.

கொழுந்தன் பட்டறை லாரியை ஓட்டுபவன். வரும்போதே கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, சண்டைக்குத் தயாராக வந்தான்.

"என் மேலதான் சந்தேகம் வரும்னு தெரியும். இந்தப் பத்தடிய லாரி நிறுத்தக் கேட்டேன். அண்ணி கொடுக்கல. ஊரே கேட்க சண்டை போட்டேன். ஆமா, போட்டேன்."

"அப்போ செடிய எடுத்தது?"

"நான் எடுத்திருந்தா குழிய மூடாம போவேனா மேடம்? இருபத்திரண்டு குழிமேல எந்த லாரிய நிறுத்துறது?"

டேப்பு மேடத்துக்கு அந்த நியாயம் பிடித்திருந்தது. அவன் விடவில்லை.

"விதி விதின்னு எங்க கழுத்துல உக்காந்திருக்கீங்க. உங்க ஆபீஸ் வாசல்ல மூணு ஓட்டை குப்பை லாரி வருஷக்கணக்கா நிக்குதே, ஒண்ணுக்குக் கதவு கூட இல்ல. அதை மறைக்க எவன் செடி வெச்சான்?"

"தம்பி, வாய மூடுடா," என்றாள் அண்ணி.

"பேசட்டும். நானே தினம் அதைப் பார்த்துத் திட்டிக்கிட்டுதான் படி ஏறுறேன்," என்றாள் டேப்பு மேடம்.

மேலே யாரோ தொண்டையைச் செருமினார்கள். பக்கத்து வீட்டு மாடிக்காரர். ஓய்வு பெற்ற தணிக்கையாளர். பட்டறை கண்ணை உறுத்துகிறது என்று பதினேழு மனு எழுதி இந்தச் செடி வரிசையை வரவழைத்தவரே அவர்தான். பால்கனியில் ஒரு நாற்காலி, ஒரு பைனாகுலர், ஒரு கோப்பு.

டேப்பு மேடம் மாடி ஏறினாள்.

"காலையில எத்தனை மணிக்கு எழுந்தீங்க சார்?"

"ஆறு மணி. எழுந்து வந்து பாக்குறேன், பட்டறை முழுசா தெரியுது! எத்தனை நாளாச்சு தெரியுமா? அந்தச் சிவப்பு பீரோவுக்கு இன்னும் பூட்டு வெக்கல. நீல பீரோ நேத்தே முடிஞ்சிருக்கணும். சோம்பேறிப் பசங்க." அவர் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி. அதை அவள் கவனிப்பதைப் பார்த்ததும் முகத்தை இறுக்கிக்கொண்டார். "கண்ணை உறுத்துது. அதைத்தான் சொல்ல வந்தேன்."

"செடி போனது உங்களுக்குச் சந்தோஷம் போல."

"என்னைச் சந்தேகப்படுறீங்களா? நான் எதையும் எழுத்து மூலமாத்தான் செய்வேன்மா."

அதுவும் உண்மைதான். அவர் திருடியிருந்தால் மூன்று நகல் எடுத்திருப்பார்.

"சத்தம் ஏதாவது?"

"அஞ்சரைக்குத் தண்ணி வண்டி வந்துது. நர்சரிக்காரன் மூணு சக்கர வண்டி. தினம் வர்றதுதானே. படுக்கையில இருந்தே கேட்டேன்."

டேப்பு மேடம் படியில் பாதி இறங்கியவள் நின்றாள். கீழே இருந்த பீரோக்காரம்மாவிடம் குரல் கொடுத்தாள்.

"நர்சரிக்காரருக்கு கேட்ட யார் திறந்து விடுறது?"

"அவரே திறந்துக்குவாரு. சாவி கொடுத்திருக்கேனே."

"வேற யாருகிட்டயும் இல்லன்னீங்க?"

"அவரு வேற ஆளா மேடம்? செடி நட்டு தினம் தண்ணி ஊத்துறவரு!"

காலை 11.15.

நர்சரிக்காரர் அவளைக் கண்டதும் ஸ்டூலைத் துடைத்தார். பெரிய உபசாரம். பண்ணையைச் சுற்றிப் பார்த்தாள். கன்றுகள் இருந்தன, பூச்செடிகள் இருந்தன, ஆறடிச் செடிகளும் பத்துப் பன்னிரண்டு வேலியோரம் தரையில் நின்றன. காணாமல் போன இருபத்திரண்டு மட்டும் அங்கே இல்லை. வெளியே மூன்று சக்கர வண்டி நின்றது.

"காலையில பட்டறைக்குப் போனீங்களா?"

"போனேனே. அஞ்சரைக்கு. தண்ணி ஊத்தினேன். அப்போ எல்லாச் செடியும் நின்னுச்சு மேடம், சத்தியமா."

"எவ்வளவு ஊத்தினீங்க?"

"செடிக்கு ஒரு குடம். ரொம்ப தாராளமா."

"ம்."

"மேடம் ஒண்ணும் கவலைப்படாதீங்க. நாலு மணிக்குள்ள எல்லாம் சரியாயிடும்."

"யாரு சொன்னா?"

நர்சரிக்காரர் ஒரு பூந்தொட்டியை எடுத்து இடம் மாற்றி வைத்தார். பிறகு அதே இடத்தில் திரும்ப வைத்தார். தொட்டியின் அடியில் ஐந்து ஓட்டைகள். நடுவில் ஒன்று, சுற்றி நாலு.

பகல் 12.30.

அலுவலகத்துக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து யோசித்தாள். யார் என்பது தெரிந்துவிட்டது. எங்கே என்பதுதான் தெரியவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம். ஆறடி உயரச் செடி இருபத்திரண்டை எதில் மறைப்பது?

எதிலும் மறைக்க வேண்டாம் என்று தோன்றியபோது டீ ஆறிப் போயிருந்தது. அந்தச் செடிகளின் வேலையே மறைப்பது. திரைச்சீலையை யார் பார்க்கிறார்கள்? அதற்குப் பின்னால் இருப்பது தெரியாமல் போகும், அவ்வளவுதான். ஆகவே புதிதாக எதைப் பார்த்தோம் என்று யோசிப்பதில் பயனில்லை. தினமும் பார்ப்பதில் எதை இன்று பார்க்கவில்லை?

காலையில் திட்டாமல் படியேறியது நினைவுக்கு வந்தது. நல்ல தூக்கம் என்று நினைத்தாள். பதினொரு வருடத்தில் அவள் நன்றாகத் தூங்கிய நாள்கள் எவ்வளவோ உண்டு. திட்டாமல் ஏறிய நாள் இது ஒன்றுதான்.

தலையை நிமிர்த்தி அலுவலக வாசலைப் பார்த்தாள். கதவில்லாத குப்பை லாரியைக் காணவில்லை. மற்ற இரண்டையும் காணவில்லை. இரண்டடிக் கட்டைச்சுவருக்குப் பின்னால், பச்சைப் பசேலென்று, வரிசையாக.

எண்ணினாள். இருபத்திரண்டு.

பகல் 2.00.

அலுவலக வாசலில் ஒரு சின்னக் கூட்டம். பீரோக்காரம்மா, கொழுந்தன், நர்சரிக்காரர். அழைக்காமலே மாடிக்காரர், கையில் கோப்போடு. பியூன் படியில். கடைசியாகத் திட்ட அதிகாரி இறங்கி வந்தார். முகத்தில் வெற்றிப் பூரிப்பு.

"ஆணையர் அசந்துட்டாரு. 'முன்மாதிரி அலுவலகம்'னாரு. அடுத்த வாரம் போட்டோ எடுக்க ஆள் அனுப்புறாராம், செடிய இப்படியே பராமரிக்கணும்னு உத்தரவு. என்ன கூட்டம் இது?"

"திருட்டுப் போன செடியக் கண்டுபிடிச்சாச்சு சார்," என்றாள் டேப்பு மேடம்.

"ரொம்ப நல்லது. எங்க?"

"உங்க முதுகுக்குப் பின்னாடி."

கொழுந்தன் மெல்ல விசில் அடித்தான்.

"குழி வட்டம். சுவர் வழவழப்பு. அடியில அஞ்சு மேடு," என்றாள் அவள். "வேரோட பிடுங்கியிருந்தா குழி அப்படி இருக்காது, மண்ணு குதறிப் போயிருக்கும். செடிய மண்ணுல நடவே இல்ல. தொட்டியோட இறக்கி, விளிம்பு தெரியாம மேல மண்ணு போட்டிருக்கு. ஒரு தொட்டியத் தூக்கி வண்டியில வெக்க ஒரு நிமிஷம் போதும். இது நட்டவருக்கு மட்டும்தான் தெரியும். அவருகிட்ட சாவியும் இருக்கு."

நர்சரிக்காரர் தன் செருப்பைப் பார்த்தார்.

"அஞ்சரைக்கு வண்டி வந்துது, மாடி சார் கேட்டிருக்காரு. செடிக்கு ஒரு குடம் ஊத்தினேன்னு இவர் சொல்றாரு. குழியில சொட்டு ஈரம் இல்ல. தண்ணி வண்டி தண்ணி ஊத்தாம எதுக்கு வந்துது?"

"எழுத்து மூலமா வேணும்னா தர்றேன்," என்றார் மாடிக்காரர்.

"இதெல்லாம் ஊகம்," என்றார் அதிகாரி. "இந்த ஊர்ல இது மாதிரி செடி எத்தனையோ இருக்கு. இது அதுதான்னு எப்படிச் சொல்றீங்க?"

டேப்பு மேடம் கட்டைச்சுவரைத் தாண்டினாள். ஒவ்வொரு செடியாக, தொட்டி மண்ணிலிருந்து நுனி வரை அளந்தாள். ஆறடி ஒரு அங்குலம். ஆறடி மூன்று அங்குலம். ஆறடி. ஒன்பதாவதில் டேப் நின்றது.

"அஞ்சடி பத்து அங்குலம். போன திங்கட்கிழமை என் நோட்டுல இதேதான். வியாழக்கிழமை இது ஆறடி ஆச்சு. மூணு நாள்ல ரெண்டு அங்குலம் எந்தச் செடியும் வளராது. தொட்டிக்கு அடியில செங்கல் வெச்சாத்தான் வளரும். செங்கல் இன்னும் அந்தக் குழியிலேயே இருக்கு. நான் அன்னிக்கு என்ன எழுதினேன்னு மட்டும் யாரும் கேக்காதீங்க."

"நான் சொல்லிடறேன் மேடம்!" நர்சரிக்காரர் உடைந்துவிட்டார். "சார்தான் கூப்பிட்டு, 'காலையில கொண்டு வா, ஆணையர் போனதும் ரெண்டு மணிக்குத் திரும்பக் கொண்டு போ, நாலு மணி ஆய்வுக்கு அங்க இருக்கும், யாருக்கும் தெரியாது'ன்னாரு. அனுமதி பெற்ற நர்சரிப் பட்டியல்ல என் பேரு இருக்கணும்ல? இப்போ திருப்பி எடுக்கக் கூடாதுங்கறாரு. நான் எங்க போவேன்?"

"வேலியே பயிரை மேஞ்ச கதை கேட்டிருக்கேன்," என்றான் கொழுந்தன். "வேலியையே மேஞ்ச கதை இப்பதான் பாக்குறேன்."

திட்ட அதிகாரி சட்டைக் காலரைச் சரி செய்தார்.

"வார்த்தைய அளந்து பேசணும். திருட்டு இல்ல. தற்காலிக இடமாற்றம். பொது நன்மைக்காக."

"பொதுவா?" பீரோக்காரம்மாவின் குரல் தெருமுனை வரை கேட்டது. "என் பட்டறையில பதினாலு பேரு கைய கட்டிக்கிட்டு உக்காந்திருக்காங்க சார். நாலு மணிக்கு சீல் வெச்சா அவங்க யாரு? பொது இல்லையா?"

"விதின்னா விதிதான்மா. ஆய்வு நேரத்துல செடி இல்லன்னா நான் என்ன செய்ய முடியும்?"

டேப்பு மேடம் டேப்பைச் சுருட்டினாள். அது சர்ரென்று உள்ளே போய் டக்கென்று நின்றது.

"சார் சொல்றது சரி. நாலு மணிக்கு செடி இல்லன்னா நான் சீல் வெக்கணும். வெச்சா காரணம் எழுதணும். செடி இல்லன்னு எழுதினா, இப்போ எங்க இருக்குன்னும் எழுதணும். அப்படி ஒரு கட்டம் படிவத்துலயே இருக்கு. சாரே போட்ட கட்டம்தான். நகல் ஆணையருக்குப் போகும்."

திட்ட அதிகாரி வானத்தைப் பார்த்தார். ஐந்து நிமிடம் ஆகவில்லை.

"எடுத்துட்டுப் போங்க," என்றார்.

மாலை 3.00.

பட்டறை லாரியில் செடிகள் திரும்பி வந்தன. டேப்பு மேடம் பக்கத்தில் நின்று, ஒவ்வொரு தொட்டியையும் நர்சரிக்காரர் கையாலேயே உடைக்க வைத்து, வேரை மண்ணில் இறக்க வைத்தாள். குட்டைச் செடிக்குப் பதில் பண்ணையிலிருந்து ஆறடி நாலு அங்குலத்தில் ஒன்று வந்தது. செங்கலை அவள் தன் பையில் போட்டுக்கொண்டாள். அவரிடமிருந்த கேட்டுச் சாவி பீரோக்காரம்மாவின் இடுப்புக்குப் போனது. கொழுந்தன் கேட்காமலே தண்ணீர் ஊற்றினான்.

நாலு மணிக்கு அளந்தாள். நாலு இருபதுக்கு நிரந்தர அனுமதியில் கையெழுத்தானது. உள்ளே தகரத்தின் மேல் சுத்தியல் விழ ஆரம்பித்தது.

"மேடம், ஒரு டீயாவது குடிச்சிட்டுப் போங்க," என்றாள் பீரோக்காரம்மா. முகத்தைத் தலைப்பால் துடைத்துக்கொண்டாள், வியர்வைதான் என்றாள்.

மாடிக்காரர் பைனாகுலரை உறையில் போட்டுவிட்டுப் பதினெட்டாவது மனுவைத் தொடங்கினார். பொருள்: செடி மறைக்கிறது.

மாலை 5.10.

டேப்பு மேடம் அலுவலகம் திரும்பினாள். மூன்று குப்பை லாரிகளும் அதனதன் இடத்தில் இருந்தன. முறையாகத் திட்டிவிட்டுப் படி ஏறினாள்.

மேஜையில் ஒரு கோப்பு காத்திருந்தது. பியூன் பக்கத்தில் நின்று காதைச் சொறிந்துகொண்டிருந்தார்.

"ஆணையர் போன் பண்ணாரு மேடம். போட்டோ எடுக்க ஆள் அடுத்த வாரம் இல்லயாம், நாளைக்கே வர்றாங்களாம். செடி இல்லன்னதும், அப்போ இருக்குன்னு யாரு சான்று கொடுத்தாங்கன்னு கேக்குறாரு. திட்ட அதிகாரி சார் இந்த ஃபைல உங்களுக்குக் காட்டச் சொன்னாரு."

திறந்தாள். காலையில் போன ஆறு காகிதங்களில் நாலாவது. நகராட்சி வளாகம், பழைய வண்டிகள் நிறுத்துமிடம். செடிகள் இருபத்திரண்டு. உயரம் ஆறடிக்குக் குறையவில்லை. கீழே அச்சில் "நேரில் சென்று ஒவ்வொன்றாக அளந்து பார்த்தேன்" என்று இருந்தது.

அதற்கும் கீழே, காலை 9.10 என்று நேரம் குறித்து, அவளுடைய கையெழுத்து இருந்தது.